மதகைக் கழற்றி விற்ற அணை

கேட்ட கேள்வி இது: ‘அமெரிக்க வரலாற்றில் மிக மோசமான வெள்ளம் எது? அவ்வளவு பணமும் தொழில்நுட்பமும் உள்ள நாட்டில் எப்படி ஆயிரக்கணக்கில் இறந்தார்கள்?’

முதல் பாதிக்குப் பதில், எதை வைத்து அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உயிர்ச்சேதம்தான் கணக்கு என்றால், 1900 செப்டம்பர் 8 அன்று டெக்சஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் தீவில் புயலோடு கடல் புகுந்ததை இன்றுவரை எதுவும் மிஞ்சவில்லை. குறைந்தது 6,000 பேர். பலரும் சொல்லும் கணக்கு 8,000. கடலை விட்டுவிட்டு ஆறு, அணை என்று மட்டும் பார்த்தால் 1889 ஜான்ஸ்டவுன், 2,209 பேர். மூழ்கிய நிலத்தைப் பார்த்தால் 1927 மிசிசிப்பி வெள்ளம், ஏறத்தாழ 70,000 சதுர கிலோமீட்டர்.

இரண்டாம் பாதிக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். ஏரி, கால்வாய் வேலையிலேயே பணிக்காலத்தை ஓட்டியவன் நான். ஒரு கரை உடைந்தது என்று செய்தி வந்தால் எங்களுக்கு முதலில் தோன்றுவது எவ்வளவு மழை என்பதல்ல. மதகு வேலை செய்ததா, கலிங்கு (உபரி நீர் வழிந்து வெளியேறும் இடம்) எப்படி இருந்தது, கடைசியாகக் கரையைப் போய்ப் பார்த்தவர் யார் என்றுதான் கேட்போம். இதே கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு அமெரிக்க வெள்ளங்களைப் படித்தால் கதை வேறு மாதிரி தெரியும்.

ஜான்ஸ்டவுனிலிருந்து தொடங்குகிறேன். பென்சில்வேனியா மலைகளுக்கு நடுவே, இரண்டு சிற்றாறுகள் சேரும் இடத்தில் இருக்கும் இரும்பாலை ஊர். சுற்றுப்பட்டு ஊர்களையும் சேர்த்து அப்போது 30,000 பேர். ஊருக்கு மேலே 14 மைல் தொலைவில் சவுத் ஃபோர்க் என்ற மண் அணை. 72 அடி உயரம், 900 அடிக்கு மேல் நீளம். முதலில் கட்டியது மாநில அரசு, படகுக் கால்வாய்க்குத் தண்ணீர் விடுவதற்காக. ரயில் வந்ததும் கால்வாய்க்கு வேலையில்லாமல் போயிற்று, அணை கைமாறிக்கொண்டே இருந்தது. அடியில் தண்ணீர் திறந்துவிட ஐந்து வார்ப்பிரும்புக் குழாய்கள் இருந்தன. இடையில் வைத்திருந்த ஒருவர் அவற்றைப் பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். அப்புறம் அது பிட்ஸ்பர்க் கோடீஸ்வரர்களின் மீன்பிடி, வேட்டைச் சங்கத்தின் கைக்கு வந்தது. எஃகு அதிபர் ஆண்ட்ரூ கார்னகி, ஹென்றி ஃப்ரிக், வங்கியாளர் ஆண்ட்ரூ மெலன் எல்லோரும் அதில் உறுப்பினர்கள்.

கழற்றிய குழாய்களைச் சங்கம் திரும்ப வைக்கவில்லை. கரைமேல் இரண்டு குதிரை வண்டிகள் எதிரெதிரே வந்தாலும் ஒதுங்க இடம் வேண்டும் என்று கரையின் தலையை இரண்டு மூன்று அடி சீவித் தாழ்த்தினார்கள். ஏரியில் விட்டிருந்த மீன்கள் ஓடிப்போகாமல் இருக்கக் கலிங்கில் கம்பிவலை அடித்தார்கள். ஆக, மதகு கிடையாது, கலிங்கில் அடைப்பு, கரையும் தாழ்ந்துவிட்டது. ஏரிப் பாசனம் தெரிந்த ஊரில் ஒரு பத்து வயதுப் பையனிடம் சொன்னால்கூட அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லிவிடுவான்.

யாருமே எச்சரிக்கவில்லையா என்றால், எச்சரித்தார்கள். கீழே ஜான்ஸ்டவுனில் இருந்த காம்ப்ரியா இரும்பாலையின் தலைவர் டேனியல் மோரல் 1880இல் தன் பொறியாளரை அனுப்பி அணையைப் பார்க்கச் சொன்னார். தண்ணீரை வடிக்க வழியே இல்லை, செய்த பழுதும் சரியில்லை என்று அறிக்கை வந்தது. செலவில் பங்கு தருகிறேன், சரிசெய்யுங்கள் என்றுகூட மோரல் கேட்டார். உங்களுக்கும் உங்கள் ஆட்களுக்கும் எங்களால் எந்த ஆபத்தும் இல்லை என்று சங்கத் தலைவர் பதில் எழுதினார்.

1889 மே 30 இரவு மழை பிடித்தது. ஒரு நாளில் 6 முதல் 10 அங்குலம். மறுநாள் காலையில் ஏரி கரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. சங்கத்து ஆட்கள் மண்வெட்டியோடு ஓடினார்கள். கரையை உயர்த்திப் பார்த்தார்கள், இன்னொரு ஓரத்தில் புதிதாகக் கலிங்கு வெட்டப் பார்த்தார்கள், கம்பிவலையில் சிக்கியிருந்த குப்பையை இழுத்துப் பார்த்தார்கள். ஜான் பார்க் என்ற இளம் பொறியாளர் குதிரையில் கீழே போய்த் தந்தி கொடுக்க ஏற்பாடு செய்தார். தந்தி போனது. ஆனால் மழைக்காலம் வந்தால் ‘அணை உடையப் போகிறது’ என்ற பேச்சு அந்த ஊரில் வருஷா வருஷம் கிளம்பும். புலி வருது கதைதான். ஏற்கனவே தெருவில் தண்ணீர் ஏறியிருந்ததால் சாமான்களை மாடிக்கு ஏற்றுவதில் எல்லோரும் மும்முரமாக இருந்தார்கள்.

பிற்பகல் 3 மணி வாக்கில் அணை போயிற்று. 2 கோடி டன் தண்ணீர் ஒரு குறுகலான பள்ளத்தாக்கில் இறங்கியது. வழியில் 70 அடிக்கு மேல் உயரமான ஒரு கல் ரயில் பாலம் இருந்தது. மரமும் மண்ணும் வந்து அதன் வளைவில் அடைத்துக்கொள்ள, சில நிமிஷம் அங்கே இன்னொரு ஏரியே உண்டானது. பிறகு பாலமும் இடிந்து, வெள்ளம் புதுப் பலத்தோடு கிளம்பியது. ஈஸ்ட் கோனமா என்ற ஊருக்கு மேலே ரயில் எஞ்சினில் வேலையில் இருந்த ஜான் ஹெஸ் இரைச்சலைக் கேட்டதும் விசில் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு, ஊரை நோக்கி எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டினார். விடாமல் அலறிய அந்த விசிலைக் கேட்டு மேட்டுக்கு ஓடியவர்கள் பிழைத்தார்கள். அன்று அந்தப் பள்ளத்தாக்குக்குக் கிடைத்த உருப்படியான எச்சரிக்கை அது ஒன்றுதான்.

4 மணி 7 நிமிஷத்துக்கு ஜான்ஸ்டவுன். பார்த்தவர்கள் தண்ணீரைப் பார்த்ததாகவே சொல்லவில்லை. 35, 40 அடி உயரத்தில் மரம், வீட்டுக்கூரை, ரயில் பெட்டி, செத்த மாடு எல்லாம் சேர்ந்த ஒரு சுவர் கறுப்பாக உருண்டு வந்தது என்றார்கள். வரும் வழியில் கம்பி ஆலையை வாரிக்கொண்டு வந்ததால் மைல் கணக்கில் முள்கம்பி வேறு அதற்குள் சுருண்டிருந்தது.

விக்டர் ஹைசர் என்று 16 வயதுப் பையன். லாயத்தில் குதிரைகளை அவிழ்த்துவிட்டு வரச் சொல்லி அப்பா அனுப்பியிருந்தார். திரும்பும்போது இரைச்சல். மாடி ஜன்னலில் நின்ற அப்பா, மேலே ஏறு என்று கையைக் காட்டினார். பையன் லாயத்துக் கூரையில் ஏறிவிட்டான். அவன் கண்ணெதிரே வீடு நொறுங்கியது; அப்பாவும் அம்மாவும் உள்ளே. கூரை கூரையாகத் தாவி அவன் பிழைத்தான். பிற்காலத்தில் பெரிய மருத்துவராகி, பிலிப்பைன்ஸில் தொழுநோய் ஒழிப்பு வேலையில் பேர் வாங்கினார்.

இதற்கு மேலும் ஒன்று நடந்தது. ஊரின் கீழ்க்கோடியில் இருந்த கல் பாலம் அசையவில்லை. அடித்து வந்ததெல்லாம் அங்கே 30 ஏக்கருக்கு மேல் குவிந்தது. முள்கம்பி அந்தக் குவியலைத் தைத்துவிட்டது போல் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. உள்ளே உயிரோடு மனிதர்கள். மாலையில் அந்தக் குவியல் தீப்பற்றியது. வெள்ளத்தில் தப்பி நெருப்பில் இறந்தவர்கள் 80 பேர் என்கிறார்கள்.

இறந்தவர்களில் 99 குடும்பங்கள் மொத்தமாக அழிந்தவை. 750க்கு மேற்பட்ட உடல்கள் யாருடையவை என்றே தெரியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் பிட்ஸ்பர்க் பக்கம் போயிருந்தபோது பார்த்துவிட்டு வந்தேன். குன்றின் மேல் இருக்கும் கிராண்ட்வியூ இடுகாட்டில் பெயரில்லாத வெள்ளைக் கற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன, எழுத்து ஒன்றும் கிடையாது. அணையின் இரண்டு பக்கக் கரையும் இன்னும் அப்படியே இருக்கிறது. நடுவில் பெரிய வாய். அதன் அடியில், தாண்டிவிடலாம் போல ஒரு ஓடை ஓடுகிறது. இதுவா என்று நம்பவே முடியவில்லை.

செஞ்சிலுவைச் சங்கத்தின் கிளாரா பார்ட்டன் 67 வயதில் வந்து ஐந்து மாதம் அங்கேயே தங்கினார். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பெயரை நாடு முழுக்கக் கொண்டுபோனது அந்த வேலைதான். கார்னகி பிறகு ஊருக்கு ஒரு நூலகம் கட்டிக்கொடுத்தார். வழக்குகள் நடந்தன, ஒரு காசு தேறவில்லை. மீன்பிடிச் சங்கத்தின் பேரில் சொத்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை. உறுப்பினர்கள் மேல் தனித்தனியாகத் தவறை நிரூபிக்க முடியவில்லை. கடைசியில் இது ‘கடவுளின் செயல்’ என்று ஆகிவிட்டது. இங்கிலாந்தில் 1868இல் தீர்ப்பான ரைலண்ட்ஸ் – பிளெட்சர் வழக்கு நம் சட்டக் கல்லூரி மாணவர்களுக்கும் மனப்பாடம்: ஆபத்தானதை உன் இடத்தில் தேக்கினால், அது தப்பி வெளியே போய்ச் செய்யும் சேதத்துக்கு நீயே பொறுப்பு. அதுவும் ஒரு நீர்த்தேக்கம் உடைந்த வழக்குதான். அமெரிக்க நீதிமன்றங்கள் பல அதுவரை இதை ஏற்காமல் இருந்தன. ஜான்ஸ்டவுனுக்குப் பிறகுதான் மெல்ல மனம் மாறின.

அந்தக் ‘கடவுளின் செயல்’ பிறகும் தலைகாட்டியது. 1972 பிப்ரவரி 26 அன்று மேற்கு வர்ஜீனியாவின் பஃபலோ கிரீக்கில், நிலக்கரி கழுவிய கழிவைக் கொட்டிக் கொட்டி உண்டாக்கிய அணை உடைந்து 125 பேர் இறந்தபோது சுரங்க நிறுவனம் இதே வார்த்தையைத்தான் சொன்னது. கழிவைக் கொட்டி அணை கட்டியதில் கடவுளுக்கு என்ன பங்கு என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள். மாறாக நடந்துகொண்டவர் ஒருவர் உண்டு. லாஸ் ஏஞ்சலஸுக்குத் தண்ணீர் கொண்டுவந்த வில்லியம் மல்ஹாலண்ட். அவர் கட்டிய செயின்ட் பிரான்சிஸ் அணையில் கசிவு தெரிகிறது என்று 1928 மார்ச் 12 காலையில் கூப்பிட்டார்கள். வந்து பார்த்தவர், பயமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். 12 மணி நேரம் கழித்து நள்ளிரவுக்குச் சற்று முன் அணை உடைந்தது. 400க்கு மேல் சாவு. விசாரணையில் அவர் யார் மீதும் பழி போடவில்லை, தவறு இருந்தால் அது என்னுடையதே என்றார். அத்தோடு அவர் காலம் முடிந்தது.

இனி மிசிசிப்பி. ஜான்ஸ்டவுன் ஒரு மணி நேரக் கதை என்றால் இது மாதக்கணக்கில் நடந்தது. 1926 ஆகஸ்டில் தொடங்கிய மழை வசந்தம் வரை ஓயவில்லை. ஆற்றின் இரு பக்கமும் ராணுவப் பொறியாளர் படையின் மேற்பார்வையில் நூற்றுக்கணக்கான மைலுக்குக் கரை எழுப்பியிருந்தார்கள். ‘கரை மட்டும் போதும்’ என்பது அவர்கள் கொள்கை. ஆற்றை நெருக்கிப் பிடித்தால் அது வேகமாக ஓடும், வேகம் படுகையைத் தோண்டும், ஆழம் கூடும், வெள்ளம் அடங்கும் என்ற கணக்கு. அதனால் பக்கவாட்டில் உபரி நீர் பிரிந்துபோகும் இயற்கையான வாய்களையும் அடைத்தார்கள். நடந்தது என்ன? படுகை அந்த அளவுக்கு ஆழமாகவில்லை, தண்ணீர்தான் ஏறியது. கரையையும் கூடவே ஏற்ற வேண்டியதாயிற்று. வெள்ளச் சேதத்தைத் தடுக்கும் நிலைக்குக் கரைகள் வந்துவிட்டன என்று 1926 ஆண்டறிக்கையில் எழுதியிருந்தார்கள்.

1927 ஏப்ரல் 21 காலை, மிசிசிப்பி மாநிலத்தில் கிரீன்வில் ஊருக்கு மேலே மவுண்ட்ஸ் லேண்டிங்கில் கரை உடைந்தது. பருத்திக் காடுகளில் விளைச்சலில் பங்குக்கு உழுத கறுப்பினத்தவர்களைத் துப்பாக்கி முனையில் கூட்டிவந்து மணல் மூட்டை அடுக்க விட்டிருந்தார்கள். உடைப்பு அவர்கள் காலடியிலேயே எடுத்தது. எத்தனை பேர் போனார்கள் என்பதற்கு நம்பத்தக்க கணக்கு இல்லை. மொத்த வெள்ளத்துக்கும் அதிகாரபூர்வமாகச் சொன்னது 246 சாவு. உண்மை அதைவிடப் பல மடங்கு என்று ஆய்வாளர்கள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். வீடு இழந்தவர்கள் 6 லட்சத்துக்கு மேல்.

கிரீன்வில்லில் மேடு என்று மிஞ்சியது ஆற்றுக்கரை ஒன்றுதான். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் மூழ்கிய ஊர், நடுவில் ஒடுங்கலான கரை. அதன்மேல் மைல் கணக்கில் 13,000 பேர். நீராவிக் கப்பல்கள் வந்தன. வெள்ளைக்காரப் பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு போயின. கறுப்பினத்தவர்களை ஏற்ற விடவில்லை. ஒருமுறை போனால் திரும்பி வரமாட்டார்கள், பருத்திக்கு ஆள் கிடைக்காது என்பது தோட்ட முதலாளிகளின் பயம். காவலுக்குத் துப்பாக்கியோடு ஆட்கள். சட்டையில் அட்டை குத்தியிருந்தால்தான் சாப்பாடு; வேலை செய்தால்தான் அட்டை. முதலாளிகள் பயந்தது பின்னால் நடக்கவே செய்தது. தண்ணீர் வடிந்ததும் ஆயிரக்கணக்கானோர் சிகாகோ, டெட்ராய்ட் பக்கம் ரயில் ஏறிவிட்டார்கள்.

அதே மாதம் கீழே நியூ ஆர்லியன்ஸில் இன்னொரு கூத்து. நகரத்து வங்கிக்காரர்கள் கூடிப் பேசி, நகரைக் காப்பாற்ற அதற்குக் கீழே உள்ள கரையை வெடி வைத்து உடைக்கலாம் என்று ஆளுநரைச் சம்மதிக்க வைத்தார்கள். ஏப்ரல் 29 அன்று கேர்நார்வன் என்ற இடத்தில் டன் கணக்கில் டைனமைட். பெரிய மனிதர்கள் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போனார்கள். மூழ்கியது செயின்ட் பெர்னார்ட், பிளாக்மின்ஸ் என்ற இரண்டு ஏழை மாவட்டங்கள். சதுப்பு நிலத்தில் எலி போன்ற ஒரு பிராணியைப் பிடித்துத் தோல் விற்றுப் பிழைத்தவர்கள். இழப்பீடு தருவோம் என்ற வாக்குறுதி இருந்தது, கைக்கு வந்தது சொற்பம். இதில் கொடுமை, அதற்குத் தேவையே இருக்கவில்லை. மேலே பல இடங்களில் கரைகள் தாமாகவே உடைந்து ஆற்றின் பாரம் குறைந்துகொண்டிருந்தது.

நிவாரண வேலையைக் கவனித்த வர்த்தக அமைச்சர் ஹெர்பர்ட் ஹூவர் அந்தப் புகழோடு அடுத்த ஆண்டே குடியரசுத் தலைவர் தேர்தலில் வென்றார். 1928 மே மாதம் புதிய வெள்ளத் தடுப்புச் சட்டம் வந்தது. ‘கரை மட்டும்’ கொள்கையைக் கைவிட்டு, உபரி நீர் வெளியேற வழிவிட வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். நியூ ஆர்லியன்ஸுக்கு மேலே உள்ள பானெட் கேரி கலிங்கு அப்படி வந்ததுதான். இது வேலையும் செய்கிறது. 2011 வெள்ளத்தில் பேர்ட்ஸ் பாயின்ட்டில் முன்பே திட்டமிட்டிருந்தபடி கரையை வெடி வைத்துத் திறந்தார்கள். விளைநிலங்கள் மூழ்கின, கெய்ரோ என்ற ஊர் தப்பியது.

ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. எங்கே வெள்ளம் வந்து என்ன சேதம் ஆனாலும் அமெரிக்க அரசுக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2005 ஆகஸ்ட் 29, கத்ரினா புயல். நியூ ஆர்லியன்ஸில் 80 சதவீதம் மூழ்கியது. எல்லோரும் புயல் என்றார்கள். ஆனால் 17ஆம் தெருக் கால்வாய், லண்டன் அவென்யூ கால்வாய் இரண்டிலும் தண்ணீர் சுவரின் உச்சியைத் தொடும் முன்பே சுவர் சாய்ந்துவிட்டது. அடியில் இருந்த இளக்கமான மண்ணைச் சரியாகக் கணக்கில் எடுக்காத வடிவமைப்புக் கோளாறு. பொறியாளர் படையே 2006இல் இதை ஒத்துக்கொண்டது. மக்கள் வழக்குப் போட்டார்கள். 2008இல் நீதிபதி படையைக் கடுமையாகக் கண்டித்தார். கண்டித்துவிட்டு, 1928 சட்டம் கையைக் கட்டுகிறது என்று வழக்கைத் தள்ளுபடி செய்தார். எண்பது ஆண்டு பழைய ஒரு வரி.

கால்வெஸ்டனை ஒரே வரியில் கடந்துவிட்டேன், அது நியாயமில்லை. தீவின் மிக உயர்ந்த இடமே 9 அடிக்குள். கடல் ஏறியது 15 அடி. கடற்சுவர் வேண்டும் என்ற பேச்சு முன்பே இருந்தது. உள்ளூர் வானிலை அதிகாரி ஐசக் கிளைன் 1891இல் பத்திரிகையில், அப்படிப்பட்ட பயம் வீண் என்று எழுதியிருந்தார். அந்த இரவில் அவர் மனைவியும் இறந்தார். கடற்கரையோரம் இருந்த அநாதை இல்லத்தில் பத்து கன்னியாஸ்திரீகள் துணி காயப்போடும் கயிற்றால் குழந்தைகளைத் தங்கள் இடுப்போடு கட்டிக்கொண்டார்கள், அலை இழுத்துப் போகாமல் இருக்க. மூன்று பையன்கள் மட்டும் பிழைத்தார்கள். பிறகு ஊரே அசாத்தியமான வேலை ஒன்றைச் செய்தது: 17 அடிக் கடற்சுவர் எழுப்பி, ஜாக்கி வைத்து வீடுகளையும் தேவாலயங்களையும் தூக்கி, அடியில் மணலை நிரப்பி நகரத்தையே உயர்த்தினார்கள். 1915இல் மறுபடி பெரும் புயல் வந்தபோது சுவர் நின்றது.

அணையும் கரையும் சம்பந்தப்படாத வெள்ளம் இல்லையா என்றால் உண்டு. மலைப் பள்ளத்தாக்கில் திடீரென்று வருவது. 1976 ஜூலை 31 மாலை கொலராடோவின் பிக் தாம்சன் பள்ளத்தாக்கில் சில மணி நேரத்தில் 12 அங்குலம் மழை. 140க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காரில் ஏறி ஆற்றோடு போட்டி போட்டவர்கள் பலர் போனார்கள். காரை விட்டு இறங்கிப் பாறையில் ஏறியவர்கள் நனைந்தபடி விடியும்வரை உட்கார்ந்திருந்து பிழைத்தார்கள். இன்றைக்கு அந்த மாநிலத்து மலைச் சாலைகளில், வெள்ளம் வந்தால் மேலே ஏறுங்கள் என்று படத்தோடு பலகை நிற்கும்.

இப்போது அப்படி நடக்குமா என்றும் சிலர் கேட்கிறார்கள். இரண்டு சமீபத்திய நிகழ்வுகளைச் சொல்கிறேன். மிச்சிகனில் ஈடன்வில் அணை. பெருவெள்ளத்தை வெளியேற்றக் கலிங்கு போதாது என்று பல ஆண்டுகள் சொல்லியும் சரிசெய்யாததால் 2018இல் அதன் மின்னுற்பத்தி உரிமத்தையே ரத்து செய்தார்கள். 2020 மே 19 அன்று உடைந்தது. வீடுகள் போயின, ஏரி காலியாயிற்று. ஆனால் நேரத்துக்கு 10,000 பேரைக் கிளப்பிவிட்டார்கள். ஒரு உயிர்கூடப் போகவில்லை.

இன்னொன்று 2025 ஜூலை 4, டெக்சஸ் மலைப்பகுதி. விடிவதற்கு முன், எல்லோரும் தூங்கும் நேரம். குவாடலூப் ஆறு முக்கால் மணி நேரத்தில் 26 அடி ஏறியது. மாநிலம் முழுவதும் 130க்கும் மேற்பட்டோர். ஆற்றங்கரையில் கோடை முகாமுக்கு வந்திருந்த சிறுமிகளும் அதில் உண்டு. ஆற்றோரம் சைரன் வைக்கலாமா என்று அந்த மாவட்டத்தில் ஏற்கனவே பேசியிருந்தார்கள். செலவு கட்டுப்படியாகாது என்று அது பேச்சோடு நின்றிருந்தது.